குறட்டை விடும் பிள்ளையை ஒரு பத்து நிமிடம் கவனியுங்கள்



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! "பிள்ளை நல்லா அசந்து தூங்குறான், குறட்டைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்குது" என்று நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்பது நம் எண்ணம். பெரியவர்களிடத்திலேயே இது சரியான எண்ணம் அல்ல. சின்னப் பிள்ளைகளிடத்தில் இது பெரும்பாலும் நேர்மாறானது. தினமும் குறட்டை விடும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இரவு முழுவதும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டே படுத்திருக்கிறார்கள். காலையில் எழும்போது அது அவர்களுக்கே தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பகலில் "சோம்பேறி", "மந்தம்", "அடங்காதவன்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். இந்த மாதப் பாடத்தை இதற்காகவே எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் செய்த தவறு

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். கல்வி உதவி பெறும் பிள்ளைகளைப் பற்றி நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் உஸ்தாதிடமும் பள்ளி ஆசிரியரிடமும் குறிப்பு வாங்குவது வழக்கம். எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி இரண்டு ஆண்டு தொடர்ந்து ஒரே குறிப்பு வந்தது: மக்தபில் தூங்கி விழுகிறான், பாடத்தில் கவனம் இல்லை, பக்கத்துப் பிள்ளைகளைச் சீண்டுகிறான். அவனுடைய அத்தாவைக் கூப்பிட்டு, "இரவில் செல்போன் கொடுக்காதீர்கள்" என்று அறிவுரை சொன்னோம். "ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடறான், போன் தொடறதே இல்லை" என்றார் அவர். நாங்கள் நம்பவில்லை. உதவித்தொகையை நிறுத்துவது பற்றியும் பேசினோம்.

பிறகு ஒருநாள் அவனுடைய நன்னி மாத்திரைச் செலவுக்கு உதவி கேட்டு வந்தார். பேச்சோடு பேச்சாக, "இந்தப் பையன் பக்கத்துல படுத்தா எனக்குத் தூக்கமே வர்றதில்ல தம்பி. மூச்சு நின்னு நின்னு வருது. நின்னதும் நான் எழுந்து உட்கார்ந்துக்குவேன். திரும்ப வர்ற வரைக்கும் கலிமா சொல்லிட்டே இருப்பேன்" என்றார். இரண்டு ஆண்டுகளாக எங்கள் குறிப்பேட்டில் இல்லாத செய்தி அது. பையனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து காற்றுப் பாதையை ஏறக்குறைய அடைத்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறான், மக்தபில் விழித்திருக்கிறான். கணக்குப் பாடத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். போன இரண்டு ஆண்டுகள் ஒரே நாளில் திரும்பி வந்துவிடாது. அவனுடைய அத்தாவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம்.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

வாயைத் திறந்தால் தொண்டையின் இரு பக்கமும் தெரியும் சதைதான் டான்சில். நம் ஊரில் பலர் இதையே "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்கிறார்கள். உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சிறு சதை, டான்சில் வேறு. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே, வாயைத் திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ள சதை அடினாய்டு. இரண்டும் நோய்க்கிருமிகளை எதிர்க்க அல்லாஹ் தந்த அமைப்புகளே. இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரை இவை வேகமாக வளர்கின்றன. ஆனால் அந்த வயதில் தொண்டை சிறியது. அதனால் சில பிள்ளைகளுக்கு இடம் போதாமல் போகிறது.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக இருந்து பாதையைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் அவை தளர்கின்றன. குறுகிய பாதை மேலும் குறுகுகிறது. காற்று இடித்துக்கொண்டு போகும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுவதும் அடைபட்டால் சத்தமும் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க அசையும், ஆனால் காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். மூளை அபாயத்தை உணர்ந்து தூக்கத்தைக் கலைக்கும். பிள்ளை ஒரு திணறலோடு மூச்சை இழுத்து, புரண்டு படுத்து, மறுபடியும் தூங்கும். இப்படி ஓர் இரவில் பல தடவை நடந்தால், கணக்குக்கு ஒன்பது மணிநேரம் தூங்கினாலும் அது தூக்கமாகாது. இதைத்தான் மருத்துவர்கள் தூக்க மூச்சுத் தடை என்கிறார்கள். "ஸ்லீப் அப்னியா" என்றும் அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து தடவைக்குக் கீழே இப்படி நடந்தால் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மணிக்கு ஒரு தடவை என்றாலே அது கவனிக்க வேண்டிய அளவு. இரண்டு மூச்சு விடும் நேரம் காற்று நின்றால் அதையே ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள்.

தினமும் குறட்டை விடும் பிள்ளைகள் நூற்றுக்கு 3 முதல் 12 பேர் வரை என்றும், மூச்சுத் தடை உள்ளவர்கள் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை என்றும் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே குறட்டை விடும் எல்லாப் பிள்ளைக்கும் நோய் என்று பயப்பட வேண்டாம். சளி பிடித்த நாலு நாள் குறட்டையும் இதில் சேராது. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், சளி இல்லாத நாளிலும் குறட்டை வந்தால்தான் இந்தக் கேள்வி எழ வேண்டும்.

பகலில் தெரியும் அடையாளங்கள்

தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். பிள்ளைகள் அப்படி மட்டும் இருப்பதில்லை. சிலர் தூங்கி விழுவார்கள். பலர் அதற்கு மாறாக ஓரிடத்தில் உட்காராமல் துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள், சொன்னதை மறப்பார்கள். இவற்றோடு கீழ்க்கண்டவையும் சேர்ந்திருந்தால் கவனியுங்கள்:

1. பகலிலும் வாயைத் திறந்தே மூச்சு விடுவது, மூக்கடைத்த குரலில் பேசுவது.
2. காலையில் எழுந்ததும் தலைவலி, வாய் உலர்ந்திருப்பது.
3. படுக்கையில் சிறுநீர் போவது. குறிப்பாக, நின்றுபோன பழக்கம் மறுபடி வருவது.
4. சாப்பிட அதிக நேரம் எடுப்பது, கெட்டியான உணவை விழுங்கச் சிரமப்படுவது.
5. வயதுக்கு ஏற்ற எடையும் உயரமும் ஏறாமல் இருப்பது, அல்லது எடை மிக அதிகமாக இருப்பது.

எடை ஏறாமல் போவதற்கும் காரணம் உண்டு. வளர்ச்சிக்கான சுரப்பு நீர் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். மேலும் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுவதிலேயே சக்தி செலவாகிறது. நோய் கடுமையாக இருந்து நெடுநாள் கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் இதயத்தின் வலப்பக்கச் சுமையும் கூடலாம்.

பள்ளிப் படிப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. 1889ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்ற ஆங்கிலேய மருத்துவர், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளில் சிலருக்கு மூக்கும் தொண்டையும் அடைத்திருப்பதே காரணம் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்லெமினோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 5 முதல் 14 வயது வரை உள்ள எட்டுப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கருவிகள் வைத்து அளந்து, இந்த நோயை விரிவாகப் பதிவு செய்தார்கள். படிப்பில் சரிவு, பகல் தூக்கம், படுக்கையை நனைத்தல், காலைத் தலைவலி ஆகிய எல்லாம் அந்தப் பதிவில் இருக்கின்றன.

1998இல் டேவிட் கோசல் என்ற மருத்துவர் வேறு வழியில் தேடினார். நோயாளிகளிடமிருந்து தொடங்காமல், முதல் வகுப்பில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருந்த 297 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்களுடைய தூக்கத்தைச் சோதித்தார். அவர்களில் 54 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 18 பேருக்கு, இரவில் மூச்சுக் கோளாறு இருந்தது. அந்த 54 பேரில் 24 பேருக்குப் பெற்றோர் சம்மதித்து டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு இந்த 24 பேரின் மதிப்பெண் உயர்ந்தது. சிகிச்சை பெறாதவர்களுக்கு அப்படி உயரவில்லை.

கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோசல் பார்த்த வகுப்புகளிலும் பெரும்பாலோருக்கு இது இல்லை. ஆனால் "படிக்க மாட்டேங்கிறான்" என்று முடிவு கட்டுவதற்கு முன், இரவில் எப்படித் தூங்குகிறான் என்று ஒரு தடவை பார்ப்பது நம் கடமை.

ஸஹர் நேரத்தில் பத்து நிமிடம்

எப்போது பார்ப்பது? படுத்த உடனே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று திருப்தி அடைய வேண்டாம். கனவு வரும் தூக்கத்தில்தான் தசைகள் மிகவும் தளர்கின்றன. பிள்ளைகளுக்கு மூச்சுத் தடை அதிகமாக வருவது அந்தத் தூக்கத்தில்தான். அது இரவின் கடைசிப் பகுதியில், விடிவதற்கு முன்னான மணிநேரங்களில், அதிகம். பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரம் அது. நம் வீடுகளில் தஹஜ்ஜுத்துக்கு எழுபவர்கள் இருக்கிறார்கள். ரமளானில் ஸஹர் சமையலுக்கு வீடே எழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

1. குறட்டை இடையில் திடீரென்று நின்று, பிறகு ஒரு திணறலோடு தொடங்குகிறதா?
2. சத்தம் நின்ற நேரத்திலும் நெஞ்சும் வயிறும் இழுத்துக்கொண்டே இருக்கின்றனவா? விலா எலும்புக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் உள்வாங்குகிறதா?
3. தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, அல்லது உட்கார்ந்த நிலையில் தூங்குகிறதா?
4. மின்விசிறி ஓடும்போதும் தலையெல்லாம் வியர்த்திருக்கிறதா?
5. படுக்கையெல்லாம் உருண்டு, அடிக்கடி விழித்து அழுகிறதா?

இவற்றில் எதைக் கண்டாலும் செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும், சத்தமும் கேட்க வேண்டும். டாக்டர் முன்னால் பகலில் உட்காரும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்வதைவிட அந்தப் படம் தெளிவாகச் சொல்லும்.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி பல வீடுகளில் இருக்கிறது. ஒரு நிமிடம் மாட்டி 98 என்று காட்டினால் நோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். தடை விட்டு விட்டு வருவது. தடைக்கும் தடைக்கும் நடுவில் எண் சரியாகவே இருக்கும்.

பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தால், அல்லது எழுப்பியும் சரியாக எழவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108க்குச் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சில் எந்த வித்தியாசம் தெரிந்தாலும் தாமதமின்றி டாக்டரிடம் காட்டுங்கள்.

தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து அழும் பிள்ளையை, பயந்துவிட்டது என்றும் கண்ணேறு என்றும் ஓதிப் பார்க்கக் கூட்டிச் செல்கிறோம். ஓதுவதை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். நோய்க்கு மருத்துவம் தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதை, டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடும் காரணமாக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு, விக்கிரவாண்டிக்குப் போகும் வழியில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனம் பக்கத்தவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். புதுச்சேரி சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் அரசு மருத்துவக் குழுவினரிடமும் சொல்லி வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்தச் சிகிச்சை அதில் சேருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

டாக்டர் தொண்டையைப் பார்ப்பார். அடினாய்டு கண்ணுக்குத் தெரியாததால் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கலாம், அல்லது மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கலாம். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதுவார். ஓர் இரவு தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் கம்பிகளை ஒட்டித் தூங்க வைத்து அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். அவர்களுக்குக் குறட்டை இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் இந்தப் பரிசோதனை தேவை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

அறுவை சிகிச்சை பற்றிய பயம்

எல்லோருக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. லேசான நோய்க்கு மூக்கில் அடிக்கும் மருந்தும் ஒவ்வாமைக்கான சிகிச்சையும் போதுமாக இருக்கலாம். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 5 முதல் 9 வயது வரை உள்ள 464 பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்த பிரிவில் ஏழு மாதத்தில் நூற்றுக்கு 79 பேரின் தூக்கப் பரிசோதனை சரியானது. காத்திருந்து கவனித்த பிரிவில் 46 பேருக்குத் தானாகவே சரியானது. நடத்தையும் அன்றாட வாழ்வும் அறுவை சிகிச்சைப் பிரிவில் கூடுதலாக முன்னேறின. கவனத்தை அளக்கும் தேர்வில் மட்டும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எந்தப் பிள்ளைக்கு உடனே, எந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் பேச்சை வைத்து "செய்யவே வேண்டாம்" என்றும் முடிவெடுக்காதீர்கள், "உடனே எடுத்துவிடுங்கள்" என்றும் நெருக்காதீர்கள்.

"டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும்" என்ற பயம் பலருக்கு. உடம்பில் அந்த வேலையைச் செய்யும் வேறு பல இடங்களும் உண்டு. இதுபற்றிச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டிய உண்மையான ஆபத்து இரத்தக் கசிவுதான். முதல் நாளிலும், பிறகு ஐந்து முதல் பத்து நாளுக்குள்ளும் வரலாம். எச்சிலில் சிவந்த இரத்தம் கண்டாலோ, பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்குவது போல் தெரிந்தாலோ மருத்துவமனைக்கு விரையுங்கள். தொண்டை வலிக்குத் தண்ணீரும் ஆறிய கஞ்சியும் அடிக்கடி கொடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தைக் கொடுக்கவே கூடாது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட சில பிள்ளைகள் மூச்சு நின்று இறந்ததால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது.

சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் நோய் மிச்சமிருக்கலாம், குறிப்பாக எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஸஹர் நேரத்தில் மறுபடியும் அந்தப் பத்து நிமிடம் பாருங்கள்.

கத்னாவுக்கு முன்

நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கத்னா செய்கிறோம். இப்போது பலர் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். மூச்சுத் தடை உள்ள பிள்ளைக்கு மயக்க மருந்தும், தூக்கம் வரவைக்கும் மருந்தும், சில வலி மருந்துகளும் கூடுதல் ஆபத்தைத் தரும். "இவன் தினமும் குறட்டை விடுவான், இடையில் மூச்சு நிற்கும்" என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப மருந்தைக் குறைத்து, இரவு கண்காணிப்பில் வைப்பார். பல் எடுப்பது, எலும்பு முறிவு என எந்தச் சிகிச்சைக்கும் இது பொருந்தும். தூங்காத பிள்ளைக்கு மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்கம் தரும் டானிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

வீட்டிலும் மக்தபிலும்

வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டாம். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். புகை மூக்கையும் தொண்டையையும் வீங்கச் செய்யும். தலையணை, போர்வையை வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணிநேரமாவது தூக்கம் தேவை. இரவு பன்னிரண்டு வரை விழித்திருக்கும் பிள்ளை பகலில் தூங்கினால், அதற்கு முதல் மருந்து நேரத்தோடு படுக்க வைப்பதே.

உஸ்தாத்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடர்ந்து தூங்கி விழும் பிள்ளையைக் கண்டால் பிரம்பை எடுக்கும் முன், "இரவில் குறட்டை விடுவானா?" என்று அவன் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்வி உதவி விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வியை நாங்கள் சேர்த்துவிட்டோம். "ஆம்" என்று பதில் வரும் பிள்ளையின் பெயருக்கு எதிரே "கவனம் இல்லை" என்ற குறிப்பை, டாக்டர் பார்க்கும் வரை எழுதுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லாத குடும்பங்கள் தயங்காமல் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கூடவே, பிள்ளையின் பக்கத்தில் படுக்கும் நன்னியையும் அழைத்து வாருங்கள். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நிம்மதியான உறக்கத்தையும் ஆரோக்கியத்தையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.